கண்ணாடிச் சீட்டின் கீழ் வரிசை

என் கண்ணான மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன், அப்படித்தான் இருக்க வேண்டும். நானும் சுகம் என்று எழுதத்தான் பேனா மூடியைத் திறந்தேன், ஆனால் இந்த ஒரு வரி முடிவதற்குள் மூன்று தடவை எழுந்துவிட்டேன். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க ஒரு தடவை, அணைத்துத்தான் இருந்தது. கொடியில் துணி கிடக்கிறதா என்று பார்க்க ஒரு தடவை, துவைத்தால்தானே கிடக்கும். மூன்றாவது தடவை எதற்கு எழுந்தேன் என்று நடு அறையில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். உன் அப்பா போன இந்த நாலு மாதமாக இப்படித்தான் இருக்கிறேன், உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. மடித்து வைத்த போர்வையை எடுத்து உதறி மறுபடி மடிக்கிறேன். நல்லவேளை சம்பளத்துக்கும் அதே வேலைதான்.

இன்றைக்கு லாண்டரிக்கு விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டு ஜன்னலை ஒட்டி மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். மேசைமேல் இந்தக் காகிதமும் ஒரு டம்ளர் தண்ணீரும், அப்புறம் அப்பாவின் மருந்து பாட்டிலும் இருக்கின்றன. ஏன் இதைப் போய் எடுத்து வைத்திருக்கிறாய் என்று கேட்பாய். சொல்லத்தான் இந்தக் கடிதம், போனில் என்னால் சொல்ல முடியாது. போனில் நீ அம்மா என்று கூப்பிட்டதும் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன், பிறகு இங்கே மழையா அங்கே மழையா என்று பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். போன வாரம்கூட நீ மாப்பிள்ளையிடம், அம்மா ஏதோ மறைக்கிறாங்க என்று சொல்வது போனை வைக்கும் முன்னால் என் காதில் விழுந்தது. மறைக்கத்தான் செய்தேன் அம்மாடி.

அப்பா போன அன்று நான் உனக்குப் போன் செய்து சொன்னேன். நீ அழுதுகொண்டே, மருந்தெல்லாம் ஒழுங்கா குடுத்தியாம்மா என்று கேட்டாய். குடுத்தேன்டி என்று சொன்னேன். நீ அப்புறம் அதைக் கேட்கவேயில்லை, கேட்டதே உனக்கு நினைவு இருக்காது, அந்த நேரத்தில் வாயில் வருவதைத்தானே பேசுவோம். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, இதைப் படித்துவிட்டு ஐயோ நான் கேட்டிருக்கக் கூடாதே என்று நீ வேறு அழ ஆரம்பிக்காதே. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நான் குடுத்தேன் என்று சொன்னேனே, அது எனக்கே தெரியாது. அதுதான் விஷயம்.

தெரியாது என்றால் எப்படி என்று சொல்கிறேன். அந்த மருந்து தண்ணீர் மருந்து, மாத்திரை தொண்டையில் இறங்கவில்லை என்று டாக்டர் மாற்றிக் கொடுத்தது. ஐந்து மில்லி, காலையும் சாயங்காலமும், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னார். பாட்டில் மூடிமேல் கவிழ்த்த மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் கோப்பை இருக்கும், அதில்தான் அளக்க வேண்டும். முதல் பத்து நாள் அப்பாவே அளந்து குடித்துக்கொண்டார். அப்புறம் கை நடுக்கம் வந்து மருந்து சட்டையிலும் பாதி வாயிலும் பாதியாகப் போனபிறகு நான் வாங்கிக்கொண்டேன். அந்தக் கோப்பையைப் பார்த்திருக்கிறாயா, கோப்பையும் வெள்ளை, கோடும் வெள்ளை, தண்ணீரில் தண்ணீரால் கோடு போட்ட மாதிரி. நம்பரெல்லாம் எறும்பின் தலை அளவு. என் கண்ணுக்கு ஒரே ஒரு கோடுதான் தெரிந்தது, கறுப்பாக ஒன்று. தெரிந்த கோட்டுக்கு ஊற்றினேன். அது ஐந்தா பத்தா என்று நான் பார்க்கவில்லை, பார்த்தாலும் தெரிந்திருக்காது. அவர் கடைசி நாட்களில் அரைத் தூக்கத்தில்தான் இருந்தார், நான் எதைக் கொடுத்தாலும் வாயைத் திறந்திருப்பார். ஒரு கோடு மாற்றி ஊற்றியிருந்தால் இரட்டிப்பாகத்தானே போயிருக்கும், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஐந்து வாரம். இதைத்தான் நாலு மாதமாக இஸ்திரிப் பெட்டியோடு சேர்த்து முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

யாரையாவது படித்துச் சொல்லச் சொன்னால் என்ன என்று நீ கேட்பாய். யாரைக் கேட்பது? கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள், எதற்கு என்று சொன்னால் அவர்கள் முகம் மாறுவதை நான் பார்க்க வேண்டும். அப்புறம் அவர்கள் இன்னொருத்தரிடம் சொல்வார்கள். நானே பார்க்க வேண்டும், நான் ஒருத்தியாகப் பார்க்க வேண்டும், நல்லதோ கெட்டதோ முதலில் எனக்குத் தெரிய வேண்டும், அப்புறம் உனக்கு. அவ்வளவுதான் வைராக்கியம். அதற்கு ஒரு கண்ணாடி வேண்டும், அது ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியம் இல்லை என்றுதான் நினைத்தேன். அந்தக் கதையைக் கேள், நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், நானே ஒரு இடத்தில் சிரித்தேன்.

முதலில் அப்பாவின் கண்ணாடியைத்தான் போட்டேன். ஒரு காலில் நூல் சுற்றியிருக்குமே, அதேதான். அவர் சின்ன எழுத்தெல்லாம் படிப்பாரே, நானும் படித்துவிடலாம் என்று நினைத்தேன். போட்டதும் மேசை ஒரு பக்கம் சரிந்துவிட்டது, சுவர்க் கடிகாரம் முட்டை மாதிரி ஆகிவிட்டது. கண்ணுக்குப் பழக வேண்டும் போல என்று வேலைக்கும் அதையே போட்டுக்கொண்டு போனேன். மூன்று நாள் தலைவலி. அதோடு ஒரு வீட்டுச் சட்டைகளை இன்னொரு வீட்டு மூட்டையில் வைத்துக் கட்டிவிட்டேன், அந்த வீட்டுக்காரர் ஒல்லி, இந்த வீட்டுக்காரர் தொந்தி, கேட்க வேண்டுமா. முதலாளி வந்து, ஏன்க்கா உங்க கண்ணு லீவு போட்டிருச்சா, சொல்லிட்டுப் போடக் கூடாதா என்றார். பக்கத்து மேசையில் இஸ்திரி போடுகிறவள், அவளுக்கு வாய் சும்மா இருக்காதே, செத்தவர் கண்ணாடியைப் போட்டா செத்தவருக்குத் தெரியறதுதான் தெரியும், உனக்கு எப்படித் தெரியும் என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வரவில்லை, அவருக்குத் தெரிவது எனக்கும் தெரிந்தால் தேவலையே என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் பஸ் நிற்கிற இடத்தில் கம்பியில் கண்ணாடி தொங்கவிட்டு விற்கிறவரிடம் போனேன். பவர் எவ்வளவு வேணும் என்று கேட்டார். இருக்கிறதிலேயே ஜாஸ்தி எது என்றேன். மூன்றரை இருக்கு என்றார். அதையே குடுங்க, எனக்கு எறும்புத் தலை படிக்கணும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொடுத்தார். ஜாஸ்தியாகப் போட்டால் ஜாஸ்தியாகத் தெரியும் என்பது என் கணக்கு. ஆனால் எழுத்தை மூக்கு நுனிக்குக் கொண்டுவந்தால்தான் தெரிகிறது, ஒரு விரல்கடை தள்ளினால் கலங்குகிறது. அதைப் போட்டுக்கொண்டே எழுந்து நடந்து கதவு நிலையில் இடித்துக்கொண்டேன், நெற்றியில் இன்னும் லேசாகக் கன்றிய பச்சை இருக்கிறது. அன்றைக்குப் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன், கோப்பையையும் மூக்கருகில் பிடித்துப் பார்த்தேன், வெளிச்சத்தை என் தலையே மறைக்கிறது, ஐந்து பத்தாகத் தெரிகிறது, பத்து ஐந்தாகத் தெரிகிறது. அலமாரியில் அப்பா சட்டைகளுக்குப் பின்னால் திருப்பி வைத்துவிட்டேன்.

நம் தெரு முனைப் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை வைத்தார்கள். வரிசையில் நின்று நானும் போனேன். ஒரு சின்னப் பெண், ரொம்ப அவசரம் அவளுக்கு, இது தெளிவா அது தெளிவா என்று கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, நான் இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னதும் சரி என்று எழுதி ஒரு சீட்டைக் கையில் கொடுத்து, அடுத்தவங்க வாங்க என்றாள். புரையெல்லாம் இல்லை, கிட்டப் பார்க்கக் கண்ணாடி போட்டால் போதும் என்று மட்டும் சொன்னாள். சீட்டை வைத்துக்கொண்டு வெளியில் வந்து பார்த்தேன், நல்லவேளை பெரிய எழுத்து. இப்போது நான் செய்த முட்டாள்தனத்தைக் கேள்.

நம் லாண்டரிச் சீட்டு உனக்குத்தான் தெரியுமே, சின்ன வயதில் மேசைக்கு அடியில் உட்கார்ந்து அதில்தான் கப்பல் செய்வாய். மேல் வரிசை துணிக்கு, கீழ் வரிசை கவுண்டருக்கு. மேல் வரிசையில் கூட்டல் குறி இருந்தால் கஞ்சி போடு, கழித்தல் இருந்தால் கஞ்சி வேண்டாம், பெருக்கல் குறி இருந்தால் கறை இருக்கிறது, பக்கத்தில் உள்ள நம்பர் எத்தனை இடத்தில் கறை என்று. கீழ் வரிசையை இஸ்திரி மேசைக்காரர்கள் நாங்கள் பார்க்கவே மாட்டோம், அது பணம் வாங்குகிறவர்கள் பாடு. இருபத்தாறு வருஷமாகப் படித்த சீட்டு அது ஒன்றுதான் எனக்கு. கண் சீட்டிலும் மேல் வரிசையில் கூட்டல் போட்டு அரை என்று இருந்தது, இரண்டு கண்ணுக்கும். இடது கண்ணுக்கு அதற்குப் பக்கத்தில் கழித்தல் கால், அப்புறம் ஒரு பெருக்கல் குறி, தொண்ணூறு. கீழே தனியாக ஒரு வரிசை, மூன்று இங்கிலீஷ் எழுத்து, கூட்டல் இரண்டு. எனக்கு எப்படிப் புரிந்தது தெரியுமா, இரண்டு கண்ணுக்கும் அரைக் கஞ்சி, இடது கண்ணில் கறை, அதுவும் தொண்ணூறு. புரை இல்லை என்று அந்தப் பெண் சும்மா ஆறுதலுக்குச் சொல்லியிருக்கிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். கீழ் வரிசையை வழக்கம்போல விட்டுவிட்டேன், அது கவுண்டருக்கு என்று.

அதோடு சும்மா இருந்தேனா, பெரிய கடையில் கண்ணாடி அடுக்கியிருக்கும் மூலைக்குப் போய், அரை குடுங்க என்று கேட்டேன். அங்கே நின்றவன், அரையெல்லாம் வர்றதில்லைம்மா, ஒண்ணுதான் சின்னது என்றான். சரி ஒன்றையே கொடு என்று வாங்கி வந்தேன். சீட்டைக் காட்டியிருந்தால் அவனாவது சொல்லியிருப்பானோ என்னவோ, நான்தான் மடித்துப் பையில் வைத்திருந்தேன், தொண்ணூறை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. வீட்டுக்கு வந்து போட்டால் வெறும் கண்ணுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அதே கலங்கலைப் பார்க்கிறேன், அவ்வளவுதான். அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன். எனக்குக் கண் போகப்போகிறது, அந்தப் பாட்டிலைப் படிக்காமலே போகப்போகிறது என்று அழுதேன். உனக்கு ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் உடனே டிக்கெட் எடுத்து அனுப்பி, அம்மா இங்கே வந்திடு, தனியா இருக்க வேண்டாம் என்பாய். வருகிறேனோ இல்லையோ, குருட்டுத்தனத்துக்காக வரக் கூடாது.

நேற்று வேலை முடிந்து வரும்போது அப்பாவின் கண்ணாடியில் அந்த நூல் அறுந்து கால் கையோடு வந்துவிட்டது. போடாவிட்டாலும் பையிலேயேதான் வைத்திருந்தேன். அதை அப்படியே விட மனமில்லை. மார்க்கெட்டில் சாவி வெட்டுகிறவருக்கு அடுத்த பெட்டிக்கடை, கண்ணாடி ரிப்பேர் செய்கிறவள் ஒருத்தி இருக்கிறாள், மூக்கில் ஒரு கண்ணாடி தலைமேல் ஒரு கண்ணாடி, அதனால் எல்லாரும் ஆறுகண்ணி என்பார்கள், அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். உன் வயதுதான் இருக்கும், நிறைமாதம், ஆனாலும் வாய் மட்டும் ஓயவில்லை. கண்ணாடியை வாங்கி திருகாணி போடுவதற்கு முன்னால் அதை எதிர்ச் சுவரில் இருந்த கோடு போட்ட காலண்டருக்கு நேரே பிடித்து, மேலும் கீழும் ஆட்டினாள், அப்புறம் வண்டிச் சக்கரம் திருப்புகிற மாதிரி திருப்பினாள். எனக்கும் காட்டினாள், சுற்றச் சுற்ற கோடு அரிவாள் மாதிரி சாய்கிறது. இது உங்களுது இல்லையே என்றாள். எப்படிச் சொல்றே என்றேன். இதைப் போட்டிருந்தவருக்கு இடது கண்ணு ரொம்ப மோசம், வலது கண்ணு பரவாயில்லை, ரெண்டும் ரெண்டு விதம், அவருக்குன்னே தேய்ச்சது, வேற யாரு போட்டாலும் பூமி சாயும், யாருது இது என்றாள். என் வீட்டுக்காரருது என்றேன். அவர் வரலியா என்றாள். நான் அறுந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் முக்காலியைக் காலால் தள்ளி, உட்காருங்கம்மா என்றாள். ஐயோ பாவம் என்றெல்லாம் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

உட்கார்ந்ததும் எனக்கு என்ன தோன்றியதோ, பையிலிருந்த சீட்டை எடுத்து அவளிடம் நீட்டினேன். கறை எவ்வளவு நாளில் முத்தும், அதை மட்டும் சொல்லு என்றேன். எந்தக் கறை என்றாள். தொண்ணூறு போட்டிருக்கே என்றேன். அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலைமேல் இருந்ததை இறக்கி இரண்டு கண்ணாடியாகப் போட்டுக்கொண்டு மறுபடி சீட்டைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், எனக்கே பயமாகிவிட்டது, மெல்லச் சிரிம்மா இங்கேயே ஆகிவிடப்போகிறது என்றேன். அது கறையே இல்லையாம். கண்ணின் உருண்டை கொஞ்சம் ஒரு பக்கம் நெளிந்திருந்தால் அதைச் சரிசெய்ய ஒரு சின்ன அளவு, அதுதான் கழித்தல் கால். அந்தத் தொண்ணூறு அளவே இல்லை, திசை, கடிகார முள் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது மாதிரி. கால் என்றால் ஒன்றுமே இல்லை, கடையில் தொங்குகிற சும்மா கண்ணாடியில் அது இருக்காது, இல்லாவிட்டாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை என்றாள். அதுவே ஒன்று ஒன்றரை என்று இருந்தாலோ, இரண்டு கண்ணுக்கும் நம்பர் ரொம்ப விலகியிருந்தாலோ தொங்குகிற கண்ணாடி கூடவே கூடாது, உன் அப்பாவுக்கு மாதிரி தேய்த்துத்தான் போட வேண்டும், ஏனென்றால் தொங்குகிறதில் இரண்டு பக்கமும் ஒரே நம்பர்தான் வரும்.

அப்புறம், என்ன நம்பர் வாங்கினீங்க என்று கேட்டாள். ஒன்று என்றேன். எதுக்கு ஒண்ணு என்றாள். மேல் வரிசையில் அரைதானே போட்டிருக்கு என்றேன். ஏம்மா, கீழ் வரிசையை யாருக்கு எழுதியிருக்காங்க, எனக்கா என்றாள். கவுண்டருக்கு என்றேன். எந்தக் கவுண்டருக்கு என்றாள். அப்போதுதான் லாண்டரிச் சீட்டுக் கதையைச் சொன்னேன், சாவி வெட்டுகிறவர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார், மூன்று பேரும் சிரித்தோம். நாலு மாதத்தில் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை, சிரித்த கையோடு குற்றம் செய்த மாதிரி ஆகிவிட்டது. மேல் வரிசை தூரத்துக்காம், தெரு, பஸ், சுவர்க் கடிகாரம். கீழே இருக்கும் மூன்று எழுத்து ஆட் என்று, அப்படியென்றால் கூட்டு. மேலே இருப்பதோடு கீழே இருப்பதைக் கூட்டினால்தான் படிக்கிற கண்ணாடியின் நம்பர். அரையும் இரண்டும் இரண்டரை. நீங்க இரண்டை வீட்டில் விட்டுட்டு அரையை மட்டும் தூக்கிட்டுக் கடைக்குப் போயிருக்கீங்க என்றாள். நான் மூன்றரையும் வாங்கினேன், ஒன்றும் வாங்கினேன், நடுவில் இருந்த இரண்டரைதான் எனக்குக் கிடைக்கவில்லை பார்.

அதோடு விடவில்லை அவள். எதைப் பார்க்கணும், எவ்வளவு தூரத்துல வெச்சுப் பார்ப்பீங்க, கையை நீட்டிக் காட்டுங்க என்றாள். புத்தகம் பிடிக்கிற மாதிரி பிடித்துக் காட்டினேன், சரி என்றாள். ஒரு சின்ன ஸ்கேலை என் மூக்குக்குக் குறுக்கே வைத்து, ஒரு கருமணிக்கும் இன்னொரு கருமணிக்கும் நடுவில் எவ்வளவு என்று அளந்தாள், அது ரொம்ப நெருக்கமாகவோ ரொம்ப விலகியோ இருந்தாலும் தொங்குகிற கண்ணாடி ஒத்துக்காது, உங்களுக்கு நடுத்தரம்தான் என்றாள். அப்புறம் அவள் பெட்டியிலிருந்தே ஒரு இரண்டரை எடுத்துக் கொடுத்தாள், விலை அதிகமில்லை, கறுப்பு பிரேம், உனக்குப் பிடிக்காது. ஒரு மருந்துப் பெட்டியின் பின்பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். முழுசும் படித்தேன் அம்மாடி, கம்பெனி விலாசம் வரைக்கும், பின்கோடு வரைக்கும். அப்பாவின் கண்ணாடிக்குத் திருகாணி போட்டதற்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. இதை மட்டும் போடாதீங்க, வெச்சுக்கங்க என்று சொல்லித் துடைத்துக் கொடுத்தாள்.

இப்போது அந்தக் கறுப்பு பிரேம்தான் என் மூக்கின்மேல் இருக்கிறது. அதனால்தான் இந்தத் தடவை என் எழுத்து கோட்டுக்குமேல் ஒழுங்காகப் போகிறது, கவனித்தாயா. வீட்டுக்கு வந்து நேற்றே பார்த்திருக்கலாம். பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தேன், கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன், வெறும் கண்ணுக்கு அது சும்மா ஒரு பாட்டில். இன்றைக்கும் காலையிலிருந்து இதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். பார்த்துவிட்டு எழுதலாமா, எழுதிவிட்டுப் பார்க்கலாமா என்று, கடைசியில் எழுதிக்கொண்டே இருந்தால் பார்க்க வேண்டியதில்லை என்று இவ்வளவு தூரம் எழுதிவிட்டேன். கண் தெரியாதவரைக்கும் எனக்கு ஒரு சாக்கு இருந்தது, இப்போது அது இல்லை. தப்பாகத்தான் ஊற்றியிருந்தேன் என்றால் அதையும் இந்தக் காகிதத்திலேயே எழுதுவேன், கிழிக்க மாட்டேன், உன்மேல் சத்தியம். இரு, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். கடிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனேன், இப்போது வெளியில் வெயில் சாய்ந்துவிட்டது, அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். முதலில் பாட்டில்மேல் மருந்துக்கடைக்காரர் ஒட்டிய சீட்டைப் படித்தேன். ஐந்து மில்லி, காலை ஒன்று சாயங்காலம் ஒன்று, டாக்டர் சொன்னதேதான். அப்புறம் கோப்பையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். முதன்முதலாக அதில் எத்தனை கோடு இருக்கிறது என்று தெரிந்தது, நாலு, எல்லாம் பிளாஸ்டிக்கிலேயே புடைத்துக்கொண்டு, இரண்டரை, ஐந்து, ஏழரை, பத்து. நிறமே இல்லாத நாலு கோடு. கறுப்புக் கோடு ஐந்தின்மேல் இருந்தது. ஐந்தின்மேல்தான் அம்மாடி. நம்பரை மூன்று தடவை படித்தேன், விரலால் தடவியும் பார்த்தேன்.

அப்போதும் எனக்கு ஒன்று உறைக்கவில்லை. கம்பெனிக்காரன் நாலில் ஒன்றுக்கு மட்டும் எதற்குக் கறுப்பு போட்டான் என்று யோசித்தேன். உற்றுப் பார்த்தால் அது அச்சடித்த கோடே இல்லை. ஒரு இடத்தில் தடிமன், ஒரு இடத்தில் மெலிசு, நடுவில் ஒரு நடுக்கம். அதற்குக் கொஞ்சம் கீழே ஒரு புள்ளி, முதலில் அங்கே வைக்கப் போய் இல்லை என்று எடுத்த மாதிரி. கோட்டின் கடைசியில் மேல்நோக்கி ஒரு சின்னக் கொக்கி. அந்தக் கொக்கியை எனக்குத் தெரியாதா. லாண்டரியில் யார் வீட்டுத் துணி என்று குறி போடுகிறவர்கள் ஒவ்வொருத்தருக்கும் ஒரு கை உண்டு, அப்பா முப்பது வருஷம் காலருக்கு உள்ளே போட்ட குறியெல்லாம் அந்தக் கொக்கியோடுதான் முடியும், எத்தனை ஆயிரம் காலரில் அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை ஓட்டியிருக்கிறேன். லாண்டரி மை, எத்தனை வெளுப்புக்கும் போகாதது. நான் அந்தக் கோப்பையை ஒரு நாளைக்கு இரண்டு தடவை கழுவினேன், ஒரு இழைகூட அழியவில்லை.

நான் வேலைக்குப் போன நேரத்தில் போட்டிருக்கிறார். ஒரு டம்ளரைத் தூக்க முடியாத கையால் அந்தக் குறி போடுகிற பேனாவைப் பிடித்து, அந்தச் சின்னக் கோப்பையில், சரியான கோட்டின்மேல். என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றும் எனக்குத் தெரியும். கண்ணைக் காட்டிட்டு வாடி, போய்க் காட்டிட்டு வாடி என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் ஒவ்வொரு தடவையும் என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லை, உங்க கண்ணைப் பாருங்க என்று எரிந்து விழுவேன். முதல் நாள் நான் மருந்து ஊற்றியபோது, கோடு நல்லா பளிச்சுன்னு இருக்கே, நல்ல கம்பெனிதான் என்று சொன்னேன். ஆமாம் ஆமாம், நல்ல கம்பெனிதான் என்று சொல்லி வாயைத் திறந்தார். இது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அவர் உதடு ஒரு பக்கமாகப் போயிற்று, மருந்து கசப்பு என்று நினைத்தேன்.

அம்மாடி, அன்றைக்கு நீ கேட்டதற்கு இன்றைக்குத்தான் பதில் சொல்கிறேன். ஒழுங்காகத்தான் குடுத்தோம். நான் ஊற்றினேன், அவர் கோடு போட்டார். அவர் போனது போனதுதான், அதற்கு ஒரு கோடும் இல்லை. ஆனால் மருந்தில் குறை இல்லை.

இதை எழுதிவிட்டு மறுபடி எழுந்து நடந்தேன், அது உடனே நிற்காது போல. ஆனால் இந்தத் தடவை அலமாரி வரைக்கும் போய் அப்பாவின் சட்டைகளை வெளியில் எடுத்தேன், ஒவ்வொன்றின் காலரையும் திருப்பிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் அந்தக் கொக்கி இருக்கிறது, கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரிகிறது. ஒன்றை எனக்கு வைத்துக்கொண்டு ஒன்றை உனக்கு அனுப்புகிறேன், மாப்பிள்ளைக்குப் பெரிதாக இருந்தால் நீ போட்டுக்கொள். கோப்பை மட்டும் என்னிடம் இருக்கட்டும், கேட்காதே.

நீயும் அங்கே வேலையில் அந்தக் கடுகு கடுகான எலக்ட்ரானிக் பாகங்களைப் பூதக்கண்ணாடி வைத்து ஒட்டிக்கொண்டே இருக்கிறாய், போன தடவை வந்தபோது சாமான் சீட்டைக் கையை நீட்டி வைத்துப் படித்ததை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன். என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லைம்மா என்று என்னை மாதிரியே சொல்லாதே, அந்த வாய் என்னோடு போகட்டும். போய்க் காட்டு. சீட்டை மடித்து ஒளிக்காமல் கொண்டு போய்க் காட்டி வாங்கு, கீழ் வரிசையைக் கூட்டிக்கொள், இரண்டு கண்ணுக்கும் ஒரே நம்பரா என்று பார், இல்லாவிட்டால் மலிவு என்று தொங்குகிறதை எடுக்காதே. ஜாஸ்தி நம்பர் ஜாஸ்தி நல்லது இல்லை. என் நெற்றியைக் கேள்.

இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு நீண்ட நாள் இருங்கள். மாப்பிள்ளையிடம் கோபப்படாதே, அவர் சொல்லாமல் செய்கிற காரியம் ஏதாவது இருக்கும், தேடிப் பார். ஞாயிற்றுக்கிழமை போன் செய், இந்தத் தடவை மழையைப் பற்றிப் பேச மாட்டேன். கண்ணைக் காட்டிய சீட்டோடு போன் செய், நான் படித்துச் சொல்கிறேன்.

எப்போதும் உன்னையே நினைத்திருக்கும்,
இரண்டரைக் கண்ணாடி போட்ட
உன் அம்மா.